பப்பாளிப் பாலும் இயற்கைப் பாகுகளும்: நொதியின் திறனும் ஆயுளும்

பப்பாளிக் காயைக் கீறிப் பால் எடுத்து உலர்த்தி விற்கும் குடியானவர்களுக்கு ஒரு விஷயம் அடிக்கடி மனக்கசப்பை விளைவிப்பதுண்டு. ஒரே ஊரில், ஒரே ரகத்து மரங்களினின்று, ஒரே வாரத்தில் எடுத்த பாலை இருவர் உலர்த்திக் கொண்டுசெல்வார்கள். ஒருவருடைய சரக்கு நல்ல விலைக்குப் போகும். மற்றவருடையது எடையில் சிறிதும் குறையாதிருந்தும் பாதி விலைக்கும் கேட்பாரின்றி நிற்கும். வியாபாரி வஞ்சித்தானென்று எண்ணுவது இயல்பு. சில சமயங்களில் அது மெய்யாகவும் இருக்கலாம். ஆயினும் பெரும்பாலும் காரணம் வேறு. பப்பெயின் என்னும் இச்சரக்கு எடைக்கு விலைபோவதன்று. அதனுள் அடங்கிய நொதி எவ்வளவு வேலை செய்யவல்லது என்பதற்கே விலைபோவது. இரும்புத் தகட்டிற் பரப்பிக் கடும் வெயிலில் காயவைத்த பால், பார்வைக்குப் பால்போலவே உலர்ந்து கட்டியாயினும், உள்ளே ஜீவனற்றுப்போயிருக்கும்.

நொதியை அழியாமற் காப்பது எங்ஙனம் என்பது இக்காலத்து ரசாயன சாஸ்திரிகளின் மனத்தை மிகவும் கவர்ந்திருக்கும் கேள்வியாகும். முக்கியமாக, சர்க்கரை, கிளிசரின், கோலின் முதலிய இயற்கைப் பொருள்களைச் சேர்த்துச் செய்யும் பாகுபோன்ற கரைப்பான்களில் நொதியை இட்டால் அதன் திறனும் ஆயுளும் எவ்வாறு மாறுகின்றன என்று பல நாடுகளில் ஆராய்ந்து வருகின்றனர். பப்பாளித் தோட்டமும் தேனீப் பெட்டியும் வைத்திருப்போர்க்கு இவ்வாராய்ச்சி அயலானதன்று. அவர்கள் கைப்பொருளைப் பற்றியதே ஆகும்.

நொதி என்பது யாது?

என்ஸைம் என்று ஆங்கிலத்திற் சொல்லப்படும் நொதியானது, உயிருள்ளவற்றின் உடலில் ரசாயன மாறுதல்களை விரைவாக நடத்திவைக்கும் ஒருவகைப் புரதமாகும். ஊறவைத்த நெல் முளைக்கும்போது அதன் மாவைச் சர்க்கரையாக்குவதும், கன்றின் வயிற்றிற் பாலைத் திரியச் செய்வதும், அரிந்து வைத்த வாழைக்காயைக் கறுக்கச் செய்வதும் நொதிகளே. வேலையை நடத்தி முடித்தபின் தான் செலவாகாமல் மீண்டும் அதே வேலையைச் செய்வது அதன் சிறப்பு. ஆகையாலேயே மிகச் சொற்பமான அளவு பெரிய அளவுப் பொருளை மாற்றவல்லதாகிறது.

நொதியின் திறன் அதன் உருவத்திலே அடங்கியிருக்கிறது. பப்பெயின் 212 அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட ஒரு நீண்ட மணிமாலை போன்றது. இம்மாலை ஒரு குறிப்பிட்ட விதமாக மடிந்து, இரு பாதிகளாகத் திரண்டு, அவற்றினிடையே ஒரு பள்ளத்தை உண்டாக்குகிறது. மாலையின் 25-வது மணியாகிய ஸிஸ்டீன் என்னும் கந்தகமுடைய அமிலம் அப்பள்ளத்தில் அமைந்து, மற்றப் புரதங்களை அறுக்கும் கத்திமுனையாக நின்று தொழில் செய்கிறது. மடிப்புக் குலைந்தாலும் வேலை நிற்கும். மடிப்புச் சரியாயிருந்து அக்கந்தக முனை காற்றிலுள்ள பிராணவாயுவினாற் கெட்டாலும் வேலை நிற்கும். இவ்விரண்டும் வெவ்வேறு கேடுகள் என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். பின்னர்க் கூறப்போகும் பாகுகள் முதற் கேட்டிற்கு மருந்தாமேயன்றி, இரண்டாவதற்கு முழு மருந்தாகா.

மூன்றாவது கேடொன்றும் உண்டு. பப்பெயின் புரதத்தை அறுப்பது, தானும் புரதம். ஆகையால் நீர் மிகுந்த பாலில் நெடுநேரம் விட்டுவைத்தால், அது தன்னையும் தன்னினத்தையுமே அறுத்துத் தின்றுவிடும். கறந்த பாலிற் பெரும்பகுதி நீரே. காலையிற் கறந்த பாலை மாலைவரை வாளியில் வைத்திருப்பவர், களவுக்குக் கதவைத் திறந்து வைத்தவரோடு ஒப்பர்.

பற்றாசும் பாகும்

இரண்டு கட்டிப் பொருள்களைச் சேர்த்தால் அவை தனித்தனியே உருகும் உஷ்ணத்திற்கும் மிகக் குறைந்த உஷ்ணத்திலே சேர்ந்து உருகுவதுண்டு. பாத்திரம் அடைப்பவர் உபயோகிக்கும் பற்றாசு இதற்குத் தக்க உதாரணம். காரீயம் 327 டிகிரி சென்டிகிரேடிலும் வெள்ளீயம் 232 டிகிரியிலும் உருகுவன. தக்க விகிதத்திற் கலந்தாலோ 183 டிகிரியிலேயே உருகிவிடுகின்றன. இத்தகைய கலவைக்கு யூடெக்டிக் என்று பிரெடெரிக் கத்ரி என்னும் ஆங்கில விஞ்ஞானி 1884-ம் வருஷத்தில் பெயரிட்டார். எளிதில் உருகுவது என்பது அக்கிரேக்கச் சொல்லின் கருத்து.

நெடுங்காலம் உலோகங்களையும் உப்புகளையும் பற்றியதாகவே இருந்த இவ்விஷயத்தை, 2003-ம் வருஷத்தில் இங்கிலாந்தின் லெஸ்டர் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆண்ட்ரூ அபாட் என்பவரும் அவர் கூட்டத்தாரும் வேறு துறைக்குத் திருப்பினர். கோழித் தீவனத்திற் சேர்க்கப்படும் கோலின் குளோரைடு 302 டிகிரியில் உருகுவது. வயலுக்கு இடும் யூரியா 133 டிகிரியில் உருகுவது. முன்னதில் ஒரு பங்கும் பின்னதில் இரண்டு பங்கும், எடையால் அன்றி ரசாயனப் பங்கால், கலந்தபோது கிடைத்த பொருள் 12 டிகிரி வரையில் திரவமாகவே நின்றது. இரண்டு வெள்ளைக் கட்டிப் பொருள்கள் சேர்ந்து, அடுப்பிலிருந்து இறக்கி ஆறியபின்னும் உறையாத பாகாயின. கோழிப்பண்ணையும் வயலும் உடையவர் இவ்விரு மூட்டைகளையும் தம் வீட்டுத் தாழ்வாரத்திலேயே பார்த்திருக்கக்கூடும்.

ஐந்து வருஷங்களுக்குப்பின், 2008-ல், அமெரிக்காவின் மின்னஸோட்டா சர்வகலாசாலையில் கோர்க், ஷ்ரீன்க், கஸ்லௌஸ்கஸ் என்னும் மூவர் கொழுப்பை மாற்றும் லைப்பேஸ் என்ற நொதியை இத்தகைய பாகுகளில் இட்டுப் பார்த்தனர். யூரியாவின் கெட்டியான நீர்க்கரைசல் புரதத்தின் மடிப்பைக் குலைத்துவிடும் என்பது ரசாயனம் படித்தோர் அனைவரும் அறிந்த பாடம். ஆதலின் யூரியாப் பாகில் நொதி உடனே அழியுமென்றே எவரும் எதிர்பார்ப்பர். அவ்வாறு அழியவில்லை, 60 டிகிரி உஷ்ணத்திலும் நொதி தன் வேலையைச் செய்தது.

காரணம் யாதெனில், பாகில் யூரியாவும் குளோரைடும் கோலினும் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. நொதியைச் சென்று தாக்க யூரியாவுக்குக் கை ஒழியவில்லை. ஏர்பூட்டிய மாடுகள் பக்கத்து வயலை மேயமாட்டா அல்லவா? ஆயின் அப்பாகில் நீரை மிகுதியாக ஊற்றினால் நுகம் கழன்றுவிடும். அப்போது யூரியா நீரிற் கரைந்த வெறும் யூரியாவேயாகித் தன் பழைய குணத்தைக் காட்டத் தலைப்படும். இயற்கைப் பாகுகளிற் சுமார் பாதியளவுக்கு நீர் சேரும்போது அவற்றின் பிணைப்பு வலை பெரிதும் அறுந்துபோகிறதென்று பின்வந்த சோதனைகள் காட்டின. ஆகவே பாகு என்ன பொருளாற் செய்யப்பட்டது என்று கேட்பது மட்டும் போதாது. அதில் நீர் எவ்வளவு என்றும் கேட்கவேண்டும்.

உயிரணுவினுள் மூன்றாவது திரவம்

2011-ம் வருஷத்தில் ஹாலந்து தேசத்து லெய்டன் சர்வகலாசாலையில் சோய், வெர்பூர்ட்டே முதலியோர் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பம் எனலாம். செடிகளின் உயிரணுக்களில் எப்பொழுதும் மிகுதியாகக் காணப்படும் சர்க்கரைகள், கோலின், மாலிக் அமிலம், சிட்ரிக் அமிலம், புரோலின் போன்ற அமினோ அமிலங்கள் ஆகியவற்றை ஒன்றோடொன்று கலந்து, பல வகையான பாகுகளை அவர்கள் செய்தனர். நீரில் எளிதிற் கரையாத ருட்டின் என்னும் தாவரப் பொருள் இவற்றிற் பன்மடங்கு கரைந்தது. உயிரணுவினுள் நீரும் கொழுப்பும் அல்லாத மூன்றாவதொரு திரவம் இத்தகைய பாகாக இருக்கக்கூடும் என்பது அவர்களுடைய கொள்கை. கொள்கை கொள்கையே, அதனை முற்றும் நிலைநாட்டப்பட்ட உண்மையாகக் கொள்வதற்கில்லை. எனினும் கடும் வறட்சியிலும் குளிரிலும் செடிகள் தம் நொதிகளைக் காப்பாற்றிக்கொள்வது எவ்வாறு என்பதற்கு அது ஒரு வழிகாட்டியாயிற்று.

அக்கட்டுரையில் நொதியைப் பற்றிய ஒரு சோதனை குடியானவர்களும் அறியத்தக்கது. லாக்கேஸ் என்னும் நொதியைப் பாகிற் கரைத்தபோது அது வேலை செய்யாது நின்றது. பாகுடன் சமபங்கு நீர் சேர்த்தவுடன் மீண்டும் வேலை செய்யத் தொடங்கியது. அது அழியவில்லை, உறங்கியே கிடந்தது.

நொதியின் திறன், நொதியின் ஆயுள் என்னும் இரண்டும் ஒன்றல்ல என்பது இதனால் விளங்கும். சில சமயங்களில் அவை ஒன்றுக்கொன்று எதிராகவே நிற்கின்றன. கெட்டியான பாகு நொதியின் ஆயுளை நீட்டுகிறது. அதே சமயத்தில் அதன் கையைக் கட்டிப்போடுகிறது. பாகு நீரைவிடப் பல நூறு மடங்கு குழம்பாயிருத்தலால், நொதி மாற்றவேண்டிய பொருள் அதனிடம் வந்து சேர்வதே தாமதம். மேலும் நொதி அசைந்து கொடுப்பதற்கு அதன் மேனியைச் சுற்றிச் சிறிது நீர் வேண்டும். அந்நீரையும் பாகு பிடித்துவைத்துக்கொள்கிறது. நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துவந்தால் திறன் ஏறும். ஓர் எல்லையைத் தாண்டினால் பாகின் காவல் போய்விடும். களஞ்சியத்து விதைநெல்லையும் வயலில் விதைத்த நெல்லையும் நினைத்துப் பார்த்தால் இதிற் புதுமையொன்றுமில்லை. 13 சதவிகித ஈரத்திற்கு மேற்படாமற் காய்ந்த விதையில் உயிர்த்தொழில் அடங்கிக் கிடக்கிறது, ஊறவைத்தவுடன் எழுகிறது, அரைகுறை ஈரத்தில் மூட்டைகட்டினாலோ கெட்டே போகிறது.

தேனடை காட்டும் பாடம்

ஐரோப்பியரும் அமெரிக்கரும் பரிசோதனைச்சாலையிற் கண்டதைத் தேனீ நெடுங்காலமாகவே செய்துவருகிறது. நன்கு முதிர்ந்த தேனில் நீர் 20 சதவிகிதத்திற்கு உட்பட்டே இருக்கும். மீதியிற் பெரும்பகுதி பழச்சர்க்கரையும் குளுக்கோஸுமாகும். தனியே கட்டியாக நிற்கும் இவ்விரு சர்க்கரைகளும் சிறிது நீருடன் கலந்து பாகாக நிற்பதால், தேனை இயற்கையே காய்ச்சிய கரைப்பான் என்று சொல்லலாம். அதனுள் தேனீயின் சுரப்பிகளிலிருந்து வந்த இன்வர்ட்டேஸ், டயஸ்டேஸ், குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்னும் நொதிகள் இருக்கின்றன.

இவற்றுள் மூன்றாவது, குளுக்கோஸைக் குளுக்கோனிக் அமிலமாக மாற்றி, உடன் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் உண்டாக்கும். இந்தப் பெராக்ஸைடே கிருமிகளைக் கொல்லுவது. தேனிற் கிருமி வளராமைக்குக் காரணமான இன்ஹிபின் என்று முன்னோர் பெயரிட்டிருந்த பொருள் இதுவேயென்று அமெரிக்காவில் ஒயிட், ஸூபர்ஸ், ஷெபார்ட்ஸ் என்போர் 1963-ல் காட்டினர். வியப்பு யாதெனில், முதிர்ந்த கெட்டித் தேனில் இந்நொதி ஏறக்குறைய வேலையே செய்வதில்லை. தேனை நீரிற் கலந்தால் விழித்தெழுகிறது. பூவின் மதுவாகத் தண்ணென்றிருக்கும்போது அது தேனைக் காக்கிறது. மது சுண்டிப் பாகாகும்போது உறங்குகிறது. புழுக்களுக்கு ஊட்டுவதற்காக மீண்டும் நீர்க்கும்போது திரும்பவும் காக்கிறது. லெய்டனில் லாக்கேஸ் காட்டிய அதே நடத்தை!

தேன்கூடு வளர்ப்போர் இதனின்று அறியவேண்டியவை சில. மார்த்தாண்டம் முதலிய இடங்களிற் பெட்டியில் வளர்க்கப்படும் நம் நாட்டுத் தேனீயின் தேன், முதிராமல் எடுத்தால் நீர் மிகுந்து புளித்துவிடும். அதனைத் தடுக்கவென்று சட்டியிலிட்டுக் கொதிக்கக் காய்ச்சும் பழக்கம் சில இடங்களில் உண்டு. காய்ச்சினாற் புளிப்பு நிற்கும், மெய்யே. உடன் நொதிகளும் மடியும். பாகு நொதியைக் காக்குமென்பதற்காக எந்த உஷ்ணத்தையும் தாங்குமென்று பொருளன்று. உலகத் தேன் சந்தைக்கு வழிகாட்டியாகிய கோடெக்ஸ் அளவுகோலின்படி, டயஸ்டேஸ் எண் பொதுவாக 8-க்குக் குறையலாகாது. சூட்டினாலும் நெடுங்கால வைப்பினாலும் மிகும் எச்.எம்.எப். என்னும் பொருள் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. உஷ்ணப் பிரதேசத்துத் தேனுக்கு மட்டும் 80 வரை அனுமதியுண்டு. காய்ச்சிய தேன் இவ்விரண்டிலும் தவறும். அடையின் அறைகளிற் பெரும்பான்மை மெழுகால் மூடப்பட்ட பின்னரே தேனை எடுப்பதே நேரான வழி. தேன் பூத்துக் கட்டியானாற் கலப்படமென்று அஞ்சவேண்டியதில்லை. ஆனால் குளுக்கோஸ் பிரிந்து கட்டியாகும்போது மேலே நிற்கும் திரவத்தில் நீர் விகிதம் மிகுமாதலால், அத்தேன் புளிக்கும் அபாயம் அதிகம். அதைக் குளிர்ந்த இடத்தில் நன்கு மூடி வைத்தல்வேண்டும்.

எந்தப் பாகு நல்லது?

இயற்கையானது, பசுமையானது என்னும் பெயர்களைக் கேட்டவுடன் தீங்கற்றது என்று எண்ணிவிடலாகாது. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் ஆப்பிளின் மாலிக் அமிலமும் இயற்கைப் பொருள்களே. அவற்றாலாகிய பாகு கடும் புளிப்புடையது. பல நொதிகளின் மடிப்பை அப்புளிப்பே குலைத்துவிடும். செடிகளிலிருந்து சாயத்தையும் மருந்துச் சத்தையும் பிரித்தெடுக்க அது ஏற்றதாகலாம், நொதிக்கு ஏற்றதன்று. கோலின் குளோரைடோ பெயரளவில் இயற்கைப் பொருள். கடையில் வருவது தொழிற்சாலையிற் செய்யப்பட்டது. நொதியின் ஆயுளைக் கருதுவோர்க்குப் பொதுவாக நம்பத்தக்கவை கிளிசரினும், சார்பிட்டாலும், சர்க்கரைகளுமே ஆகும்.

இவை காக்கும் விதத்தை அமெரிக்காவின் பிராண்டைஸ் சர்வகலாசாலையில் டிமாஷெப் என்பவரும் உடனிருந்தவர்களும் 1981-ல் விளக்கினர். கிளிசரினோ சர்க்கரையோ கலந்த நீரில் புரதத்தை இட்டால், புரதத்தின் மேனியை ஒட்டி நீரே மிகுதியாக நிற்கிறது. கிளிசரினும் சர்க்கரையும் சற்று விலகி நிற்கின்றன. புரதம் விரிந்தால் மேனியின் பரப்பு மிகும். விலகி நிற்கவேண்டிய இடமும் மிகும். அது இயற்கைக்கு ஒவ்வாத செலவு. ஆகையாற் புரதம் மடிந்து சுருங்கியிருப்பதே எளிதாகிறது. குளிர்காற்றில் நிற்பவன் கைகால்களைச் சுருக்கிக்கொள்வதைப் போன்றதென்க. பரிசோதனைச்சாலைகளிற் பல நொதிகள் பாதிக்குப் பாதி கிளிசரின் கலந்து, பூஜ்யத்திற்குக் கீழ் 20 டிகிரியில் உறையாமல் வைக்கப்படுவதும், திரவமாக விற்கப்படும் பல நொதிச் சரக்குகளில் கிளிசரினோ சார்பிட்டாலோ சேர்ந்திருப்பதும் இக்காரணம் பற்றியே.

ஒரு குறையையும் மறைக்காமற் சொல்லவேண்டும். சாராயத்தையோ அஸிட்டோனையோ ஆவியாக்கி நீக்கிவிடலாம், இப்பாகுகள் ஆவியாகா. உள்ளே இட்டது உள்ளேயே நிற்கும். ஆகவே சரக்கை வாங்குபவருக்கு அப்பொருள் சம்மதமா என்பதை முதலிற் கேட்டறியாமல் ஒரு துளியும் சேர்க்கலாகாது. உலர்ந்த பப்பெயின் கேட்கும் வியாபாரிக்குக் கிளிசரின் கலந்த பாலைக் கொண்டுபோய்க் கொடுப்பது வீண் நஷ்டமே.

தோட்டத்திற் செய்யத்தக்க பரீட்சை

இவ்வுண்மைகளை ஏட்டளவில் நம்பவேண்டியதில்லை. பப்பெயினுக்குப் பாலைத் திரியச் செய்யும் குணம் இருப்பதால், அதனைக்கொண்டே அதன் திறனை ஒருவாறு அளந்து பார்க்கலாம். மூடியுள்ள மூன்று சுத்தமான கண்ணாடிக் குப்பிகளை எடுத்துக்கொள்க. ஒன்றிற் காய்ச்சி ஆறிய நீர் 10 மில்லி. ஒன்றில் நீர் 5 மில்லியும் கிளிசரின் 5 மில்லியும். ஒன்றில் முழுக் கிளிசரின் 10 மில்லி. மூன்றிலும் ஒரே சரக்கிலிருந்து எடுத்துத் தூளாக்கிய உலர்ந்த பப்பாளிப் பால் ஒவ்வொரு கிராம் இட்டு நன்கு கலக்கி, அன்றே ஒருமுறையும், மூன்றாம் நாளும், ஏழாம் நாளும் சோதிக்கவேண்டும். குப்பிகள் நிழலில் ஒரே இடத்தில் இருத்தல் அவசியம்.

சோதிக்கும் முறை: குப்பியைக் குலுக்கி 1 மில்லி எடுத்து 9 மில்லி நீரிற் கலக்கவும். அதிலிருந்து 1 மில்லியை, 40 டிகிரி சூட்டில் வைத்துள்ள 25 மில்லி பாலில் விட்டுக் கலக்கி, திரிய எத்தனை விநாடி ஆகிறதென்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளவும். நாளுக்குநாள் பாலின் தன்மை மாறுமாதலால், ஆடை நீக்கிய பால்தூளை ஒரே அளவிற் கரைத்து உபயோகிப்பது உத்தமம். மிக விரைவில் திரிந்துவிட்டால் இரண்டாம் முறை இன்னும் நீர் சேர்த்து, மூன்று குப்பிக்கும் ஒரே விதமாகச் செய்யவேண்டும். முதல் நாளைவிட ஏழாம் நாள் எந்தக் குப்பியிற் காலம் மிக நீண்டதோ, அதில் நொதி மிகுதியும் கெட்டதென அறியலாம். முதல் நாட் கணக்கு இல்லாவிட்டால் மற்றவை பயனற்றவை. பலர் தவறுவது இவ்விடத்திலேயே.

எலுமிச்சைச் சாறு கலந்த பாகை இவ்வாறு சோதிக்க முயலவேண்டாம். புளிப்பே பாலைத் திரித்துவிடும். நொதி உயிரோடிருப்பதாகப் பொய்த்தோற்றம் உண்டாகும். மற்றொன்று: காற்றுப்பட்டுக் கெட்ட பப்பெயினில் ஒரு பகுதி, ஸிஸ்டீன் போன்ற பொருளைச் சேர்த்தால் மீண்டும் திறன்பெறும். வாங்குவோர் தம் சாலையில் அதனைச் சேர்த்தே அளப்பது வழக்கம். ஆகையால் வீட்டுப் பரீட்சையின் கணக்கும் அவர்கள் கணக்கும் இலக்கத்துக்கு இலக்கம் ஒத்திருக்குமென்று எதிர்பார்க்கலாகாது. ஒரு சரக்கை மற்றொரு சரக்கோடு ஒப்பிட இது உதவும், விலைபேச உதவாது.

பால் எடுப்போர் கவனிக்கவேண்டியவை

பப்பெயினுக்கென்று கோயம்புத்தூரில் தேர்ந்தெடுத்து வெளியிடப்பட்ட ரகங்களுள் கோ.2, கோ.5, கோ.6 குறிப்பிடத்தக்கவை. சுமார் 75 முதல் 90 நாள் சென்ற பச்சைக் காய்களில், காலை 10 மணிக்கு முன்பாக, 3 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஆழத்தில், மேலிருந்து கீழாக மூன்று நான்கு கீறல்கள் இடவேண்டும். கத்தி துருப்பிடியாத எஃகாகவோ கூரிய மூங்கிற் சிம்பாகவோ இருக்கலாம், இரும்பு கூடாது. மூன்று நான்கு நாள் இடைவிட்டு, முன் கீறாத இடத்திலே திரும்பவும் கீறலாம். பாலை அலுமினியத் தட்டிலோ ரெக்சின் துணியிலோ ஏந்தி, உடனே வடிகட்டி, 0.05 சதவிகிதம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கலக்கவேண்டும். மேலே சொன்ன இரண்டாவது கேடாகிய பிராணவாயுவின் தாக்குதலைத் தடுப்பது இவ்வுப்பே. எந்தப் பாகும் அதற்கு ஈடாகாது. பின்னர் 50 முதல் 55 டிகிரிக்கு மேற்படாத சூட்டில் அன்றைக்கன்றே உலர்த்தி, தூளாக்கி, காற்றுப்புகாத பாலிதீன் பையிற் கட்டிவைக்கவேண்டும். நன்கு உலர்த்துவதும் ஒருவகையில் பாகிலிடுவதைப் போன்றதே. நீரை எடுத்துவிட்டால், நொதி தன்னைத்தானே தின்பதற்கு வழியில்லை.

உலர்த்தும் அறை தனியே வைத்துக்கொள்ள வசதியில்லாத சிறு தோட்டக்காரர், பலர் கூடி ஒரே உலர்த்தும் பெட்டியை வைத்துக்கொள்வது நலம். அப்போது பாலைத் தூரத்திலிருந்து கொண்டுவர நேரும். அவ்விடைநேரத்திலேதான் நொதி பெரிதும் கெடுகிறது. திரவமாகவே வாங்கும் தொழிற்சாலை கிடைத்து, கிளிசரின் அவர்களுக்குச் சம்மதமாயிருந்தால், தோட்டத்திலேயே கலந்து அனுப்புவது ஆலோசிக்கத்தக்கது. கிளிசரின் விலையையும், அதனாற் கூடும் எடைக்கு வண்டிச் சத்தத்தையும், காப்பாற்றப்படும் திறனுக்குக் கிடைக்கும் அதிக விலையையும் எழுதிக் கணக்குப் பார்த்தபின் இறங்கவேண்டும். மேற்சொன்ன குப்பிப் பரீட்சையை, தூளுக்குப் பதிலாகத் தம் தோட்டத்துப் புதுப்பாலைக் கொண்டே ஒருமுறை செய்து பார்த்தவருக்கு இக்கணக்குப் போடுவது எளிது.

வேலை செய்யும் ஆட்கள் கையுறை அணிதல்வேண்டும். இந்நொதி மனிதத் தோலின் புரதத்தையும் விட்டுவைப்பதில்லை. உலர்ந்த தூள் மூக்கிற் புகுந்தாற் சிலருக்கு இரைப்பு நோய் உண்டாகும். தூளாக்கும்போது மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொள்ளவும், பால் கண்ணிற் பட்டால் உடனே மிகுந்த நீரால் கழுவி வைத்தியரிடம் காட்டவும் தோட்டத்துக்குரியவர் ஏற்பாடு செய்துவைக்கவேண்டும்.